மனிதர்மீதான ஆய்வும் ஆய்வாளருக்கான அறப்பயிற்சியும்: ஒரு வரலாற்று நோக்கு

வைத்தியம், உளவியல், சமூகவியல் முதலாய துறைகளில் மனிதரையே ஆய்வுக்கு உட்படுத்தும் ஒருவர், அவ்வாய்வைத் தொடங்குமுன் அதற்குரிய ஒழுக்க நெறிகளிற் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டுமென்பது இன்று பல பல்கலைக்கழகங்களில் விதியாகிவிட்டது. இவ்விதியின் வரலாற்றைக் கூற முற்படுவோர் வழக்கமாக 1947 ஆம் ஆண்டில் நூரெம்பேர்க் நகரில் வழங்கப்பட்ட தீர்ப்பிலிருந்தே தொடங்குவர். நாஜி வைத்தியர்களின் கொடுமைகளைக் கண்டு உலகம் திடுக்குற்றது. அதன் பயனாக நெறிகள் வகுக்கப்பட்டன. ஆய்வாளர் அந்நெறிகளைக் கற்றுத் திருந்தினர் என்பது அவர்கள் தரும் வரலாறு. கேட்பதற்கு ஆறுதலளிக்கும் வரலாறுதான். ஆயின் ஆதாரங்களைச் சற்று ஊன்றி நோக்குமிடத்து அதன் ஒவ்வொரு படியும் ஆட்டங்காண்கின்றது. மனிதர்மீதான பரிசோதனையைக் கட்டுப்படுத்தும் எழுத்து வடிவிலான நெறிகள் ஜேர்மனியிலேயே நாஜிகளுக்கு முன்னர் தோன்றிவிட்டன. அவற்றை மாணவர்க்குக் கற்பித்தல் வேண்டுமென்ற ஏற்பாடும் முன்னரே எழுதப்பட்டிருந்தது. அஃதன்றியும், முகாம்களிற் கொடுமைகள் நிகழ்ந்த அதே ஆண்டுகளில் அந்நாட்டு வைத்திய பீடங்களில் தொழிலொழுக்கம் பாடத்திட்டத்தில் இடம்பெற்ற ஒரு பாடமாகவும் இருந்தது. எனவே, பயிற்சி என்பது யாது, அது யாரிடமிருந்து யாருக்குச் செல்கின்றது, அதனால் எங்கேனும் ஒரு தீங்கு தடுக்கப்பட்டதுண்டா என்னும் வினாக்களை எழுப்பியே இவ்வரலாற்றை அணுகவேண்டியுள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நுண்ணுயிரியல் எய்திய விரைவான வளர்ச்சி ஜேர்மனிய வைத்தியசாலைகளை ஆய்வுகூடங்களாகவும் மாற்றியது. கட்டணஞ் செலுத்த இயலாத ஏழை நோயாளர், அநாதைச் சிறுவர், விலைமாதர் முதலியோர் பேராசிரியர்களின் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தனர். பிரெஸ்லோ பல்கலைக்கழகப் பேராசிரியரான அல்பேர்ட் நைசர், 1879 இல் கொனோரியா நோயின் கிருமியைக் கண்டறிந்து புகழ் பெற்றவர். அவர் 1892 இல், சிபிலிஸ் நோயுற்றோரிடமிருந்து பெற்ற இரத்த ஊநீரை, அந்நோய்க்கு உட்படாத பெண்கள் சிலரின் உடலில் அவர்தம் சம்மதமின்றியே ஊசிமூலம் செலுத்தினார். நோய்த்தடுப்புக்கு ஒரு வழி காண்பதே அவரது நோக்கம். பெண்களுட் சிலருக்கு சிபிலிஸ் நோய் கண்டது. அவர்கள் விலைமாதர், நோய் அவர்களின் தொழிலால் வந்தது எனப் பேராசிரியர் விளக்கம் கூறினார்.

இங்குக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. நைசர் தாம் செய்தவற்றை மறைக்கவில்லை. 1898 இல் தாமே அவற்றை அச்சேற்றினார். தம் சகபாடிகள் அதிற் குற்றங் காண்பர் என அவர் எண்ணவில்லை. அவர்களுட் பெரும்பாலோர் குற்றங் காணவும் இல்லை. குற்றங் கண்டவை செய்தித்தாள்கள். விடயம் பிரசியப் பாராளுமன்றம் வரை சென்றது. நைசருக்கு ஒழுக்காற்று நீதிமன்றம் அபராதம் விதித்தது. 1900 டிசம்பர் 29 இல் பிரசிய அமைச்சர் வைத்தியசாலைத் தலைவர்களுக்கு ஒரு பணிப்புரை விடுத்தார். நோயைக் கண்டறிதல், குணப்படுத்தல், தடுத்தல் ஆகிய நோக்கங்களுக்குப் புறம்பான எந்தச் செயலையும், வயதுவராதோர்மீதோ, விளைவுகளை முறையாக எடுத்துக்கூறித் தெளிவான சம்மதம் பெறப்படாதோர்மீதோ செய்யலாகாது என அது கூறிற்று. விளக்கிக் கூறிப் பெறும் சம்மதம் என்னுங் கருத்து, நூரெம்பேர்க்குக்கு 47 ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் அரசின் ஆவணத்தில் இடம்பெற்றுவிட்டது.

மூன்று தசாப்தங்களின் பின் லூபெக் நகரிலே அடுத்த அதிர்ச்சி நிகழ்ந்தது. 1930 இல் அங்குப் பிறந்த குழந்தைகளுக்குக் காசநோய்த் தடுப்புக்காக பி.சி.ஜி. மருந்து வாய்வழியாகக் கொடுக்கப்பட்டது. ஆய்வுகூடத்தில் நேர்ந்த கவனக்குறைவால் அம்மருந்தில் வீரியமிக்க காசநோய்க் கிருமிகள் கலந்திருந்தன. எழுபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. இதன் எதிரொலியாகவும், வைத்தியர்களின் பரிசோதனை வேட்கைக்கு எதிராக ஏலவே எழுந்திருந்த கண்டனத்தின் விளைவாகவும், 1931 பெப்ரவரி 28 இல் ஜேர்மனிய உள்நாட்டமைச்சு புதிய சிகிச்சை முறைகள் பற்றியும் மனிதர்மீதான பரிசோதனைகள் பற்றியும் 14 பிரிவுகள் கொண்ட வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. சம்மதமின்றிப் பரிசோதனை செய்தல் எந்நிலையிலும் ஆகாது. முதலில் விலங்குகளிற் சோதித்தல் வேண்டும். ஒருவரின் வறுமையைப் பயன்படுத்திக்கொள்ளல் வைத்திய அறத்துக்கு ஒவ்வாது என்பன அவற்றுட் சில. சில அம்சங்களில் நூரெம்பேர்க் நெறிகளிலும் இவை விரிவானவை.

இந்நெறிகளின் இறுதிப் பிரிவு இக்கட்டுரைப் பொருளுக்கு நேரடித் தொடர்புடையது. புதிய சிகிச்சைகளையும் பரிசோதனைகளையும் மேற்கொள்ளும்போதும் அவற்றின் முடிவுகளை வெளியிடும்போதும் வைத்தியருக்குள்ள தனிப்பட்ட கடமைகளைப் பல்கலைக்கழகப் போதனையின்போது வாய்ப்புள்ள இடமெல்லாம் வலியுறுத்துதல் வேண்டும் என அப்பிரிவு பணித்தது. ஆய்வாளர்க்கு அறப்பயிற்சி வேண்டுமென்ற கோரிக்கை அரசு ஆவணமொன்றில் இத்துணைத் தெளிவாக எழுதப்பட்ட மிகப் பழைய சான்றுகளுள் இதுவும் ஒன்று. இது வெளிவந்து இரண்டாண்டு கழியுமுன் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார்.

அவ்வாட்சியில் வைத்திய ஒழுக்கம் கற்பிக்கப்படவில்லை என எவரும் கருதுவாராயின் அது தவறாகும். 1939 இற் சீர்திருத்தப்பட்ட பாடத்திட்டத்தின்படி, வைத்தியச் சட்டமும் தொழிலொழுக்கமும் பற்றிய விரிவுரைகள் ஜேர்மனிய வைத்திய பீடங்களிற் கட்டாயமாக்கப்பட்டன. அதற்கென நூல்களும் எழுதப்பட்டன. ருடோல்வ் ராம் என்பவரின் பாடநூல் 1942 இல் வெளிவந்தது. விரிவுரையாளராய் அமர்த்தப்பட்டோருட் பெரும்பாலோர் நாஜிக் கட்சியில் நெடுநாள் உறுப்பினராயிருந்தவர்கள். தனிமனித நோயாளியிலும் இனத்தின் நலமே பெரிது. மனித உயிர்கள் யாவும் சமமதிப்புடையனவல்ல. வைத்தியரின் அதிகாரம் கேள்விக்கப்பாற்பட்டது என்பனவே அங்கு ஒழுக்கமாகப் போதிக்கப்பட்டன. இவ்விரிவுரைகளைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் அண்மைக்காலத்திலேயே விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஒழுக்கவியல் என்ற தலைப்பில் ஒரு பாடம் நடைபெறுகின்றது என்பதனாலேயே மாணவர் ஒழுக்கங் கற்கின்றனர் என முடிவுகட்டுதல் எத்துணைப் பேதைமை என்பதற்கு இதனினும் வலுவான சான்று வேண்டுவதில்லை. டாக்கவ் முகாமிற் கைதிகள் பனிநீரில் அமிழ்த்தப்பட்டமையும், ராவன்ஸ்புரூக் முகாமிற் பெண்களின் கால்களை அறுத்துப் புண்களிற் கிருமிகளை ஊட்டியமையும் அப்பாடம் நடைபெற்ற ஆண்டுகளுக்கே உரியவை.

வைத்தியர் வழக்கு 1946 டிசம்பர் 9 இல் நூரெம்பேர்க்கில் ஆரம்பமாயிற்று. குற்றஞ்சாட்டப்பட்டோர் 23 பேர். அவருள் 20 பேர் வைத்தியர். 1947 ஆகஸ்டில் வழங்கப்பட்ட தீர்ப்பில் 16 பேர் குற்றவாளிகளெனக் காணப்பட்டனர். எழுவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அத்தீர்ப்பின் பகுதியாக வந்த பத்து நெறிகளே நூரெம்பேர்க் நெறிக்கோவை எனப் புகழ்பெற்றன. வழக்கின்போது எதிரித்தரப்பினர் ஒரு சங்கடமான வினாவை எழுப்பினர். அமெரிக்கச் சிறைச்சாலைகளிற் கைதிகளுக்கு மலேரியாவை ஊட்டிப் பரிசோதித்தது என்ன நியாயம் என்றனர். அரசுத்தரப்பின் நிபுணரான அன்ட்ரூ ஐவி, தம் நாட்டிலும் உறுதியான நெறிகள் உண்டெனச் சாட்சியமளித்தார். அவர் சுட்டிய நெறிகளை அமெரிக்க வைத்தியச் சங்கம் ஏற்றுக்கொண்டது, வழக்குத் தொடங்கிய அதே 1946 டிசம்பரில்!

நூரெம்பேர்க் நெறிகளை அமெரிக்க ஆய்வாளர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதே அடுத்து நோக்கற்பாலது. அவை கொலைஞருக்காக எழுதப்பட்டவை; நாகரிகமுள்ள விஞ்ஞானிகளுக்கு அவை தேவையற்றவை என்பதே பரவலான மனப்பாங்கு. இம்மனப்பாங்கு எங்குக் கொண்டுசென்றதென்பதை ஜோன் கட்லர் என்னும் ஒருவரின் வாழ்க்கையே காட்டும். ஐக்கிய அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவையைச் சேர்ந்த இளம் வைத்தியரான அவர், 1943 - 44 இல் இந்தியானா மாநிலத்து டெரஹோட் சிறைச்சாலையில் நடைபெற்ற கொனோரியா ஆய்விற் பங்குகொண்டார். அங்குக் கைதிகளுக்கு ஆபத்துக்கள் எடுத்துரைக்கப்பட்டன. எழுத்துமூலச் சம்மதமும் பெறப்பட்டது. ஈராண்டின் பின், 1946 முதல் 1948 வரை, அதே கட்லர் குவாத்தமாலாவிற் சிறைக்கைதிகள், படைவீரர், மனநோயாளர் முதலானோரை சிபிலிஸ் முதலிய பாலியல் நோய்களுக்கு வேண்டுமென்றே உட்படுத்தினார். அவர்களிடம் எந்தச் சம்மதமும் பெறப்படவில்லை. 2011 இல் அமெரிக்க ஜனாதிபதியின் ஆணைக்குழு கணக்கிட்டபடி நோய்க்கிருமிகளுக்கு உட்படுத்தப்பட்டோர் தொகை 1,308. நூரெம்பேர்க்கில் தீர்ப்பு வாசிக்கப்பட்ட நாளில் இவ்வாய்வு நடந்துகொண்டிருந்தது.

கட்லர் அறியாமையாற் செய்தார் எனக் கூற இயலாது. சம்மதம் பெறுவது எப்படியென்பதை அவர் தம் கையாலேயே பழகியிருந்தார். யாரிடம் அதனைப் பெறவேண்டும், யாரிடம் பெறவேண்டியதில்லை என்பதையும் உடன் பழகியிருந்தார் என்பதே உண்மை. பிற்காலத்தில் அவர் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகித் தலைமுறைகளுக்குப் பொதுச் சுகாதாரங் கற்பித்தார். அவர் விட்டுச்சென்ற தாள்கள் அப்பல்கலைக்கழகச் சுவடிக்கூடத்திற் கிடந்தன. வேறோர் ஆய்வின் வரலாற்றைத் தேடிச் சென்ற சூசன் ரெவர்பி என்னும் வரலாற்றாசிரியை அவற்றைக் கண்டெடுத்ததனாலேயே குவாத்தமாலாச் செய்தி 2010 இல் உலகறிய வந்தது. அமெரிக்க அரசு அவ்வாண்டு ஒக்டோபரில் மன்னிப்புக் கோரியது.

ரெவர்பி தேடிச் சென்ற அந்த வேறோர் ஆய்வு டஸ்கீகி ஆய்வாகும். அலபாமா மாநிலத்து மேக்கன் பகுதியிலே, பருத்தி வயல்களிற் குத்தகைக்குப் பாடுபட்ட ஏறக்குறைய 600 கறுப்பின ஆடவர் 1932 முதல் அதற்கு உட்படுத்தப்பட்டனர். 399 பேர் சிபிலிஸ் நோயுற்றவர். 201 பேர் நோயற்றவர். நோய் சிகிச்சையின்றி எவ்வாறு முற்றும் என்பதை அவதானிப்பதே நோக்கம். அவ்வாடவர்க்கு அது கூறப்படவில்லை. கெட்ட இரத்தம் இருக்கிறது, அரசாங்கம் இலவசமாகப் பார்க்கிறது என்றே கூறப்பட்டது. ஆய்வுக்காக முள்ளந்தண்டிலிருந்து நீர் எடுத்தபோது அது விசேட சிகிச்சையெனக் கடிதம் அனுப்பப்பட்டது. சத்து மருந்தும் அஸ்பிரினும் மருந்தென வழங்கப்பட்டன. இறந்தபின் உடலை அறுத்துப் பார்க்க இணங்கும் குடும்பங்களுக்கு ஈமச்செலவு கொடுக்கப்பட்டது. வறிய குத்தகையாளனுக்கு முறையான நல்லடக்கம் என்பது சிறிய காரியமன்று; அதனை ஆய்வாளர் நன்கறிந்திருந்தனர்.

ஆரம்பத்திற் சில மாதங்களுக்கென வகுக்கப்பட்ட அவ்வாய்வு நாற்பது ஆண்டுகள் நீடித்தது. 1940 களின் இறுதிக்குள் பெனிசிலின் சிபிலிஸ் நோய்க்குரிய சிகிச்சையாக நிலைபெற்றுவிட்டது. அவ்வாடவர்க்கு அது வழங்கப்படவில்லை. யுத்தகாலத்திற் படைக்கு ஆட்சேர்க்கும் சபை அவர்களுட் சிலரைச் சிகிச்சைக்கு அனுப்ப முற்பட்டபோது, அவர்களை விலக்கிவைக்குமாறு பெயர்ப்பட்டியல் கொடுக்கப்பட்டது. ஆய்வின் முடிவுகள் 1936 முதல் வைத்திய ஏடுகளில் அவ்வப்போது வெளிவந்தன. நைசரைப் போலவே இவர்களும் எதனையும் மறைக்கவில்லை. சிகிச்சை பெறாத சிபிலிஸ் என்பது கட்டுரைத் தலைப்பிலேயே இருந்தது. நாடெங்கும் ஆயிரக்கணக்கான வைத்தியர் அவற்றைப் படித்திருத்தல் கூடும்.

பயிற்சி என்னும் நோக்கிலே டஸ்கீகியைப் பார்ப்போர் ஒரு செய்தியைத் தவறவிடலாகாது. நாற்பது ஆண்டுகளில் அங்கு வந்துபோன அரசாங்க வைத்தியர் பலர். வாஷிங்டனிலிருந்தும் அட்லாண்டாவிலிருந்தும் இளைஞர் வருவர், இரத்தம் எடுப்பர், சோதிப்பர், போவர். மாறாதிருந்தவர் யூனிஸ் ரிவர்ஸ் என்னும் கறுப்பினத் தாதி ஒருவரே. அவ்வாடவரின் வீடுகளையும் துயரங்களையும் அறிந்தவர் அவர். அவரை முதலாசிரியராகக் கொண்டு 1953 இல் வெளிவந்த கட்டுரை, நீண்டகால ஆய்வொன்றை எவ்வாறு நடத்துவதென்பதற்கு ஒரு முன்மாதிரியாகவே எழுதப்பட்டது. அவருக்கு 1958 இல் அரசாங்க விருதும் கிடைத்தது. அங்கு வந்த ஓர் இளம் வைத்தியர் எதனைக் கற்றுச் சென்றிருப்பார்? தம் மேலதிகாரிகள் மதிக்கத்தக்கோர், ஆய்வு புகழ்பெற்றது, தாதி அன்பானவர், நோயாளர் நன்றியுடன் கைகுலுக்குகின்றனர். இதில் ஐயுறுவதற்கு எதுவுமில்லை. விரிவுரை மண்டபத்துப் பயிற்சியிலும் நூறு மடங்கு வலிமையுடையது இவ்வகைப் பயிற்சி. அது ஒரு சொல்லும் பேசாமலே நடைபெறுகின்றது.

அவ்வாறிருந்தும் மறுத்தவர் சிலர் இருந்தனர். இவர்களைப் பற்றி ஆய்வறப் பாடநூல்கள் ஓரிரு வரிகளுடன் நின்றுவிடுவது வியப்புக்குரியது. 1963 இல் நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியிலுள்ள யூத நாட்பட்ட நோய் வைத்தியசாலையிலே, 22 முதிய நோயாளரின் உடலில் உயிருள்ள புற்றுநோய்க் கலங்கள் ஊசிமூலம் செலுத்தப்பட்டன. செஸ்டர் சதம் என்னும் புகழ்வாய்ந்த புற்றுநோய் ஆய்வாளரின் பரிசோதனை அது. புற்றுநோய் என்ற சொல் நோயாளரைத் தேவையின்றி அச்சுறுத்துமெனக் கருதிய அவர், அதனை அவர்களிடம் கூறவில்லை. ஊசி போடுமாறு முதலிற் பணிக்கப்பட்டவர்கள் அவ்வைத்தியசாலையின் மூன்று இளம் யூத வைத்தியர்கள். மூவரும் மறுத்தனர், பின்னர் பதவி துறந்தனர். நூரெம்பேர்க் வழக்கை அவர்கள் அறிந்திருந்தனர். தம் இனத்தவர்க்கு நேர்ந்ததாக அதனை அறிந்திருந்தனர். சதமுக்குக் கிடைத்த தண்டனை ஓராண்டு தொழிற்றடை. அதுவும் நடைமுறைப்படுத்தப்படாது ஒத்திவைக்கப்பட்டது. 1968 இல் அவர் அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வுச் சங்கத்தின் தலைவராகத் தெரிவுசெய்யப்பட்டார்.

டஸ்கீகி பற்றிய கட்டுரையொன்றை 1965 இல் வாசித்த இர்வின் சாட்ஸ் என்னும் இளம் இருதய வைத்தியர், உயிர்காக்கும் சிகிச்சையை மறுப்பது எவ்வாறு நியாயமாகும் எனக் கேட்டுக் கட்டுரையாசிரியர்களுக்கு எழுதினார். கடிதம் கோவையிற் சேர்க்கப்பட்டது, மறுமொழி வரவில்லை. மறு ஆண்டு பீற்றர் பக்ஸ்டன் எழுதினார். அவர் வைத்தியரல்லர், சான் பிரான்சிஸ்கோவிற் பாலியல் நோயாளரைச் சந்தித்துத் தகவல் திரட்டும் சுகாதார சேவை ஊழியர். பிராக் நகரிற் பிறந்தவர், தந்தை யூதர், நாஜிகளுக்கு அஞ்சி நாட்டைவிட்டு வெளியேறிய குடும்பம். சகபாடிகளின் பேச்சில் டஸ்கீகியைப் பற்றிக் கேள்வியுற்றதும் அவர் செய்தது யாதெனின், நூலகஞ் சென்று ஜேர்மனிய வைத்தியர் மீதான வழக்குப் பற்றிய நூல்களைத் தேடிப் படித்தமையே. படித்தபின் தம் மேலதிகாரிகளுக்கு எழுதினார். அட்லாண்டாவுக்கு அழைக்கப்பட்டுக் கண்டிக்கப்பட்டார். அங்கு அவரைக் கடிந்தவர், குவாத்தமாலாவிலிருந்து திரும்பிய அதே ஜோன் கட்லர். 1968 இல் பக்ஸ்டன் மீண்டும் எழுதினார். 1969 இற் கூடிய நிபுணர் குழு, ஒருவர் மாத்திரம் எதிர்க்க, ஆய்வைத் தொடரலாமெனத் தீர்மானித்தது. ஈற்றில் அவர் ஒரு பத்திரிகையாளரிடம் செய்தியைக் கூற, 1972 ஜூலை 25 இல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் ஜீன் ஹெலர் எழுதிய செய்தி வெளியாயிற்று. சில மாதங்களில் ஆய்வு நின்றது. நோயுற்ற ஆடவருள் அப்போது 74 பேரே உயிருடன் இருந்தனர்.

புரூக்ளின் வைத்தியர் மூவரையும் பக்ஸ்டனையும் ஒருங்கு வைத்து நோக்கினால் ஓர் ஒற்றுமை புலப்படும். ஆய்வுநெறிப் பயிற்சியென இன்று நாம் கூறும் எதனையும் அவர்கள் பெற்றிலர். அப்படியொன்று அன்று இருக்கவுமில்லை. அவர்களிடம் இருந்தது வரலாறு. தம் கண்முன் நிகழ்வதை வேறோரிடத்தில் நிகழ்ந்த ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆற்றலை அவ்வறிவே அவர்களுக்கு அளித்தது. அவர்களின் மேலதிகாரிகளும் நூரெம்பேர்க்கைக் கேள்விப்பட்டவர்களே; ஆனால் அதனைப் பிறரின் வரலாறாகவே கேள்விப்பட்டிருந்தனர்.

1966 இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்து மயக்கமருந்தியற் பேராசிரியர் ஹென்றி பீச்சர், அமெரிக்காவின் சிறந்த நிறுவனங்களில் நிகழ்ந்த அறமற்ற ஆய்வுகளுக்கு 22 எடுத்துக்காட்டுகளைத் தொகுத்து வெளியிட்டார். புரூக்ளின் பரிசோதனையும் அதில் ஒன்று. பீச்சர் சட்டங்களிற் பெரிதும் நம்பிக்கை கொள்ளவில்லை. சம்மதப் பத்திரத்திலும் கொள்ளவில்லை. அறிவும் மனச்சான்றும் இரக்கமும் பொறுப்பும் உள்ள ஆய்வாளரே நோயாளிக்கு நம்பத்தக்க காப்பு என்பது அவர் துணிபு. அழகிய துணிபு, ஆயினும் அத்தகைய ஆய்வாளர் எங்கே, எவ்வாறு உருவாவர் என்பதற்கு அவரிடம் விடையில்லை. அரசாங்கம் வேறு வழியை நாடியது. 1966 முதல் அரச நிதிபெறும் ஆய்வுகளை முன்கூட்டியே ஒரு குழு பரிசீலித்தல் வேண்டுமென விதிக்கப்பட்டது. டஸ்கீகி வெளிப்பட்டபின் 1974 ஜூலையில் தேசிய ஆய்வுச் சட்டம் நிறைவேறி, அதன்வழி ஓர் ஆணைக்குழு அமைந்தது. அதன் அறிக்கை 1979 இல் வெளியாயிற்று. பெல்மன்ட் அறிக்கை எனப்படும் அது, மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி என்னும் மூன்று தத்துவங்களை நிலைநாட்டியது. ஆய்வின் சுமையை ஏழைகளும் பயனைச் செல்வரும் பெறுவது அநீதி என அதிற் கூறப்பட்டது டஸ்கீகியை மனதிற் கொண்டே.

இவ்வளவு நடந்தும் ஆய்வாளரைப் பயிற்றுதல் கட்டாயமாகவில்லை. 1990 இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் பயிற்சி மானியம் பெறுவோருக்கு மாத்திரம் பொறுப்பான ஆய்வு நடத்தை பற்றிய போதனை விதிக்கப்பட்டது. 1999 செப்டெம்பரில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து மரபணுச் சிகிச்சை ஆய்வொன்றில் 18 வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். முந்திய பங்குபற்றுநர் சிலருக்கு நேர்ந்த பக்கவிளைவுகளும், பரிசோதனைக் குரங்குகளின் இறப்பும் அவருக்கு அறிவிக்கப்படவில்லை என்பது பின்னர் தெரியவந்தது. அதன் எதிரொலியாக, 2000 ஒக்டோபர் முதல், மனிதர்மீதான ஆய்வுக்கு அந்நிறுவனங்களிடம் நிதி கோரும் முக்கிய ஆய்வாளர் யாவரும் பங்குபற்றுநரின் பாதுகாப்புப் பற்றிய கல்வி பெற்றிருத்தல் வேண்டுமென விதிக்கப்பட்டது. ஜேர்மனிய நெறிகளின் பதினான்காம் பிரிவு எழுதப்பட்டு அப்போது 69 ஆண்டுகள் கழிந்திருந்தன.

விதி வந்தவுடன் அதற்கேற்ற பண்டமும் வந்தது. மியாமிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 2000 இல் உருவான சிற்றி என்னும் கணினிவழிப் பாடத்தொகுதி பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. சில பக்கங்களை வாசித்தல், சில வினாக்களுக்கு விடை தெரிதல், சான்றிதழ் பெறுதல் என்பது அதன் முறை. பெல்மன்ட் அறிக்கையின் மூன்று தத்துவங்கள் யாவை என்னும் வினாவுக்கு இன்று எந்த ஆய்வாளரும் விடையளிப்பார். அதனை இழிவாகக் கருதவேண்டியதில்லை. எதுவுமே அறியாதிருந்த நிலையிலும் இது மேலானதே. ஆயினும் விதி வந்து ஓராண்டு நிறையுமுன், 2001 ஜூனில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வொன்றில் 24 வயதுடைய ஆரோக்கியமான பெண்ணொருவர், ஹெக்ஸாமெதோனியம் என்னும் மருந்தைச் சுவாசித்ததன் பின் இறந்தார். அம்மருந்தால் நுரையீரலுக்கு ஊறு நேரக்கூடுமென்பதைச் சுட்டும் கட்டுரைகள் 1950 களிலேயே அச்சாகியிருந்தன. கணினித் தேட்டம் அவ்வளவு பழைய ஏடுகளை எட்டவில்லை. ஆய்வாளர் நூலக அடுக்குகளிலும் தேடவில்லை.

இலங்கையைப் பொறுத்தவரை, கொழும்புப் பல்கலைக்கழக வைத்திய பீடத்தின் ஒழுக்கவியற் பரிசீலனைக் குழு 1981 இல் நிறுவப்பட்டது. பெல்மன்ட் அறிக்கை வெளிவந்த இரண்டாண்டுகளில் இங்குக் குழு அமைந்தமை குறிப்பிடத்தக்கதே. பின்னர் ஏனைய வைத்திய பீடங்களும் குழுக்களை அமைத்தன. பயிற்சி வகுப்புகளும் நடைபெறுகின்றன. ஆனால் அப்பயிற்சியின் சொற்களும் எடுத்துக்காட்டுகளும் பெரும்பாலும் பிறநாட்டவை. நம் மொழியிற் சம்மதத்தைப் பற்றிப் பேசுவதே எளிதன்று. பத்திரத்தின் அடியில் இடுவதைக் கையொப்பம் என்கின்றோம். கை ஒப்பினால் ஆளும் ஒப்பியதாகச் சொல்லே முடிவுகட்டிவிடுகின்றது. தோட்டத்து லயத்திலோ வன்னிக் கிராமத்திலோ, வெள்ளைச் சட்டையணிந்த ஒருவர் நீட்டும் தாளில் விரலடையாளம் இடும் மூதாட்டி, ஐயா சொன்னாற் சரிதானே என்பார். அதனைச் சம்மதமென எழுதிக்கொள்வதா, மரியாதையென எழுதிக்கொள்வதா என்பதை எந்த வினாத்தாளும் ஆய்வு மாணவருக்குக் கற்பிப்பதில்லை. மறுத்தால் அடுத்தமுறை மருந்து கிடைக்குமா என்ற அச்சம் அவ்விரலில் உண்டா என்பதை அவர் முகத்தைப் பார்த்தே அறியவேண்டும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின் இவ்வினா முழு நாட்டுக்கும் உரியதாயிற்று. ஏறக்குறைய 35,000 உயிர்கள் இழக்கப்பட்ட கரையோரங்களுக்கு நிவாரணத்தோடு ஆய்வாளரும் வந்தனர். உளநலம், வடு, துயர் பற்றிய வினாக்கொத்துக்கள் முகாம்களில் நிரப்பப்பட்டன. இலங்கை அறிஞர் சிலர், அதுல சுமதிபால முதலானோர், பேரனர்த்த காலத்து ஆய்வுக்குத் தனிநெறிகள் தேவையென அப்போது வற்புறுத்தியதோடு, அயல்நாட்டு அறிஞரையும் இணைத்து ஒரு செயற்குழுவையும் உருவாக்கினர். அவர்கள் எழுப்பிய ஐயங்களுள் முதன்மையானது மிக எளியது: கூரையிழந்து கூடாரத்தில் இருப்பவர், தம்முன் வந்து அமர்பவரின் கையிலுள்ள தாள் அரிசிக்குரியதா ஆய்வுக்குரியதா என எவ்வாறு அறிவார்?